ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை: யூனிக்ஸ் பெட்டியில் பிபிஎஸ் ஏன் படுத்துக்கொள்கிறது?

போன நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை நாலு நாளாக ஊறப்போட்டிருந்த நேரம். ராத்திரி எட்டரை மணிக்குக் கொடைக்கானலிலிருந்து போன். “தம்பி, உன் பெட்டிக்கு ரிங் போகுது. எடுக்கத்தான் ஆளைக் காணோம்.”

அண்ணன் தொலைபேசித் துறையில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டி என்று அவர் சொல்வது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓடும் பிபிஎஸ் சர்வரை. ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட டெஸ்க்டாப், அதில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் சிங்க்ரோநெட் என்ற பிபிஎஸ் மென்பொருள். அவர் வீட்டில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸைப் போல அதுவும் யூனிக்ஸ் குடும்பம். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே எங்கள் கடிதங்கள் ஃபிடோ பாணிப் பொட்டலங்களாகப் போய்வரும். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. சிலர் புறா வளர்க்கிறார்கள்.

பிபிஎஸ் என்பது புல்லட்டின் போர்டு சிஸ்டம். 1978 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்புயல் அடித்தபோது வீட்டுக்குள் முடங்கிய வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். பிப்ரவரி 16 அன்று அது பொதுவுக்கு வந்தது. மோடம் வழியாக ஒரு நேரத்தில் ஒருவர் கூப்பிடலாம், செய்தி எழுதலாம், மற்றவர் எழுதியதைப் படிக்கலாம். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் ஃபிடோநெட்டைத் தொடங்கியபின், பெட்டிகள் தங்களுக்குள்ளேயே ராத்திரியில் கூப்பிட்டுக் கடிதம் மாற்றிக்கொண்டன. அந்தத் தலைமுறை மென்பொருள் பெரும்பாலும் வளர்ந்தது டாஸ் என்ற பழைய பிசி இயங்குதளத்தில். இன்று மோடத்துக்குப் பதில் இணையம் வழியாகக் கூப்பிடும் டெல்நெட்டும் எஸ்எஸ்ஹெச்சும், டாஸுக்குப் பதில் லினக்ஸும் பிஎஸ்டியும். டாஸில் கோப்புக்கு உடைமையாளர் என்று ஒருவர் இல்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை, யார் எந்தக் கதவில் உட்காரலாம் என்று கேட்க ஆளும் இல்லை. யூனிக்ஸில் இவை எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. நான் இதுவரை பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டு வளர்ப்புக்கும் நடுவே உள்ள உரசல்தான். மீதிக்கு மலையும் மின்சாரமும் பொறுப்பு. பிபிஎஸ் மென்பொருளுக்குள்ளேயே பிழை என்று நான் முடிவுகட்டிய தடவையெல்லாம், ஒன்றிரண்டு தவிர, நான்தான் பிழை.

அண்ணன் சொன்ன “ரிங் போகுது, எடுக்கல” என்பதற்கு வருவோம். லைன்மேன்கள் கோளாறைக் கேட்டவுடனே மூன்றில் ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள்: லைன் செத்திருக்கிறதா, எங்கேஜ்டா, மணி அடித்தும் எடுக்கவில்லையா. டெல்நெட்டில் கூப்பிட்டாலும் இதே மூன்றுதான் வரும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று பட்டென்று வந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது, பாதையும் சரி, அந்தப் போர்ட்டில், அதாவது பெட்டியின் எண் போட்ட கதவில், கேட்க ஆளில்லை. சர்வர் கிளம்பவே இல்லை, அல்லது கிளம்பி விழுந்துவிட்டது. பதிலே இல்லாமல் இழுத்து இழுத்துக் கடைசியில் ‘டைம்டு அவுட்’ என்றால் பாதையில் கோளாறு. வழியில் ஒரு ஃபயர்வால் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது பெட்டிக்கே மின்சாரம் இல்லை. மலையில் இப்போது அதிகம் அகப்படும் காரணம் இன்னொன்று: சேவை தருபவர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து ஒரு அழைப்பு வராது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க சர்வர் அமைப்பைக் கிளறியபின்தான் இதைப் பார்த்தேன். ஐபிவி6 முகவரி கிடைத்தால் தப்பிக்கலாம், ஆனால் சர்வர் அந்த முகவரியிலும் கேட்கும்படி அமைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அண்ணன் சொன்னது. இணைப்பு கிடைக்கிறது, வரவேற்புத் திரை வரவில்லை. இணைப்பைப் பிடிக்கும் டிசிபி நெறிமுறையில் கைகுலுக்கலைச் செய்வது கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு. பிபிஎஸ் மென்பொருள் வந்து அந்த அழைப்பை எடுத்துக்கொள்வதற்கு முன்பே, அது வரும் என்ற நம்பிக்கையில் கர்னல் “இணைந்தாயிற்று” என்று சொல்லிவிடும். ஆகவே மென்பொருள் எங்கோ உறைந்து நின்றாலும் வெளியே இருப்பவருக்கு இணைப்பு கிடைத்தது போலவே தெரியும். அன்றைக்கு ‘பிஎஸ்’ கட்டளையில் பார்த்தால் சர்வரின் நிலை ‘டி’ என்று நின்றது. வட்டிலிருந்து பதில் வரக் காத்திருக்கிறது என்று பொருள். எந்த வட்டு? டேட்டா கோப்புறை முழுவதையும் பக்கத்து அறை நாஸ் பெட்டிக்கு, அதாவது வலைப்பின்னலில் தொங்கும் வட்டுக்கு, மாற்றி, அதை உள்வட்டு போலக் காட்டும் என்எஃப்எஸ் வழியாக ஏற்றியிருந்தேன். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் உண்டு, நாஸுக்கு இல்லை. சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் விழுந்து கரண்ட் போனதும் நாஸ் அணைந்தது. யுபிஎஸ் தயவில் உயிரோடிருந்த டெஸ்க்டாப், என்எஃப்எஸ்ஸின் வழக்கமான பிடிவாதப்படி, அது திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருந்தது. பிழைப் பதிவில் ஒரு வரி இல்லை. பதிவு எழுதவும் அந்த வட்டுதானே வேண்டும்! மறுநாளே டேட்டாவை உள்வட்டுக்குத் திருப்பினேன். பல நோட்கள் (கூப்பிடுபவர் ஒருவருக்கு ஒரு நோட்) ஒரே செய்திக் கோப்பைப் பூட்டிப் பூட்டி எழுதும் மென்பொருளை என்எஃப்எஸ் மேல் வைப்பது எப்படியும் நல்ல யோசனை இல்லை.

‘ரெஃப்யூஸ்ட்’ வகைக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது சர்வரின் பதிவில் உள்ள பிழை எண். சொற்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எண் கர்னலிலிருந்து வருவது. 13 என்றால் அனுமதி இல்லை. 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. 24 என்றால் திறந்த கோப்புகளின் வரம்பு தீர்ந்தது. 28 என்றால் இடம் இல்லை. 30 என்றால் வட்டு படிக்க மட்டும். இவை லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் ஒன்றே. ‘அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது’ என்பதற்கு மட்டும் லினக்ஸில் 98, ஃப்ரீபிஎஸ்டியில் 48. நானும் அண்ணனும் போனில் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு அரைமணி நேரம் வெவ்வேறு நோய்க்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

டெல்நெட்டின் இடம் 23ஆம் போர்ட். யூனிக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்களில் உட்கார ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர், வேண்டும், அல்லது அதற்கென ஒரு தனி உரிமை வேண்டும். ரூட்டாகக் கிளம்பி, போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, பிறகு சாதாரணப் பயனராக இறங்கிக்கொள்வது பழைய வழி. இதில் உள்ள பொறி மெதுவாகத்தான் தெரியும். அமைப்பை மாற்றிவிட்டு, சர்வரைத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளச் சொன்னால், அது போர்ட்டை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கப் போகும். இப்போது அது ரூட் இல்லை. 13.

லினக்ஸில் ‘செட்கேப்’ கட்டளையால் இயங்கு கோப்புக்கே அந்த உரிமையைக் கொடுக்கலாம். நானும் கொடுத்தேன். 13 போய், தேவையான நூலகக் கோப்பைக் காணோம் என்று புதுப் பிழை. உரிமை பெற்ற கோப்பை இயங்குதளம் சந்தேகத்தோடுதான் ஏற்றும்: நூலகங்களை எங்கே தேடுவது என்று நாம் சூழல் மாறியில் சொல்லிவைத்த பாதையை அது மதிக்காது. அதையும் சரிசெய்து ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். புதிய பதிப்பைத் தொகுத்து நிறுவினேன், மறுபடி 13. செட்கேப் உரிமை அந்தக் கோப்போடு ஒட்டியது. புதிய கோப்பு வந்தால் பழைய உரிமை பழைய கோப்போடு போய்விடும். இப்போது, சேவைகளைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ‘ஆம்பியன்ட்’ உரிமையாக ஒரு வரி எழுதிவிட்டேன். 2015இல் வந்த 4.3 கர்னல் முதல் இது உண்டு. தொகுத்தாலும் போகாது, நூலகப் பாதையையும் கெடுக்காது. ஃப்ரீபிஎஸ்டியில் கதை வேறு: அண்ணன் சிஸ்சிடிஎல் என்ற கர்னல் அமைப்பில் ஒரு மதிப்பை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உடைமை விஷயத்தில் என் அசல் அவமானம் இனிமேல்தான். ஒரு நாள் சர்வர் கிளம்பவில்லை என்று, சோதனைக்காகப் பத்து நிமிடம் சூடோ போட்டு, அதாவது ரூட்டாக, ஓட்டினேன். ஓடியது. ஆஹா என்று நிறுத்திவிட்டு முறையாக ஓட்டினேன், அதுவும் ஓடியது. இரண்டு நாள் கழித்து அண்ணன்: “பொதுப் பேச்சுல எழுத முடியுது. மழைக்கணக்குல எழுதினா மட்டும் துப்புது.” ஒரே ஒரு பகுதி. செய்திக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டினேன். அதையும் சூடோ போட்டு. இப்போது இரண்டு பகுதிகள் துப்பின.

கடைசியில் அந்தக் கோப்புறையை ‘எல்எஸ்’ போட்டு நீளப் பட்டியலாகப் பார்த்தேன். நாற்பது ஐம்பது வரிகள், எல்லாவற்றிலும் மூன்றாவது பத்தியில் பிபிஎஸ் பயனரின் பெயர். நடுவில் ஐந்து வரிகளில் மட்டும் ‘ரூட்’. அந்தப் பத்து நிமிடத்தில் யாரோ மழைக்கணக்கில் முதல் செய்தியை எழுதியிருக்கிறார்கள், அப்போது பிறந்த கோப்புகள் ரூட்டின் பிள்ளைகளாகப் பிறந்துவிட்டன. ‘சோன்’ கட்டளை ஒரு வரி, வேலை முடிந்தது. இந்த இடத்தில் 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி, போடச் சொல்லும் ஆலோசனை நிறைய கிடைக்கும். அது கோளாறைத் தீர்க்காது, மறைக்கும். மறுபடி சூடோ போட்டு ஓட்டினால் அடுத்த கோப்பும் ரூட் பெயரில்தான் பிறக்கும்.

இதன் மறுபக்கம், கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாக ஓட்டினால் விழுகிறது என்ற புகார். உங்கள் ஷெல்லில் இருக்கும் சூழல் மாறிகள் சிஸ்டம்டிக்குத் தெரியாது. சிங்க்ரோநெட் தன் ‘கன்ட்ரோல்’ கோப்புறை எங்கே என்று அறிவது அப்படி ஒரு மாறியால்தான். சேவைக் கோப்பில் அதைச் சொல்லவில்லை என்றால் பிழை 2.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிபிஎஸ்ஸுக்குள்ளிருந்து கிளம்பும் பழைய ‘டோர்’ விளையாட்டு, பயனர் விவரம் எழுதிய கோப்பைப் பெரிய எழுத்தில் தேடும், சர்வர் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருக்கும். டாஸுக்கு இரண்டும் ஒன்று, யூனிக்ஸுக்கு வேறு வேறு. விண்டோஸில் திருத்திய ஸ்கிரிப்ட் கோப்பின் வரி முடிவில் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் குறியும் இதே குலம். கோப்பு கண்ணெதிரே இருக்கும், இல்லை என்று சாதிக்கும். இன்னொன்று: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் டாஸ் டோர்கள் ஓட வேண்டுமானால் முழு எக்ஸ்86 செயலியையே போலி செய்ய வேண்டும், அதன் சிப் வேறு சாதி. பொறுமை இருந்தால் செய்யலாம். எனக்கு இல்லை.

மின்சாரம்தான் எங்கள் தலையாய சிஸாப், அதாவது பெட்டியை நடத்துபவர். 1932லேயே பைக்காராவில் புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய மாவட்டம் இது. ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு கிளை விழுந்தால் போதும். கரண்ட் போவதால் வரும் கோளாறு அப்போதே தெரிவதில்லை, திரும்பி வந்தபின்தான் ஒவ்வொன்றாக வரும்.

ஃபிடோ பாணி மெயிலர், அதாவது கடிதம் கொண்டுபோகும் மென்பொருள், ஒரு முகவரிக்குப் பொட்டலம் அனுப்பத் தொடங்கும்போது அந்த முகவரியின் பெயரில் ஒரு ‘பிஸி’ கோப்பை வைக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மூட்டையைத் தூக்கக் கூடாதென்று. முடிந்ததும் அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் அழிக்க ஆளில்லை. பெட்டி மறுபடி எழுந்ததும் எல்லாம் பச்சை விளக்கு: சர்வர் ஓடுகிறது, மெயிலர் ஓடுகிறது, கொடைக்கானலுக்கு மட்டும் எதுவும் போகாது. அங்கே ஏற்கெனவே ஒருவர் வேலை செய்கிறார் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கும். அந்த ஒருவர் மூன்று நாளைக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன பிஸி கோப்பு அங்கே கிடந்தது: அளவு பூஜ்யம், பெயரில் அண்ணனின் முகவரி பதினாறடிமான எண்ணாக, தேதி கிளை விழுந்த நாள். அழித்ததும் 14 பொட்டலங்கள் வரிசையாகக் கிளம்பின. பிங்க்டி போன்ற மெயிலர்களில் இத்தனை வினாடிக்கு மேல் பழசான பிஸி கோப்பை நீக்கு என்று அமைப்பு உண்டு. அல்லது மெயிலர் கிளம்பும் முன் ஓடும்படி ஒரு துடைப்பு வரி போட்டுக்கொள்ளலாம். மெயிலர் ஓடும்போது மட்டும் துடைக்காதீர்கள்.

கூப்பிடுபவர் வீட்டில் கரண்ட் போனாலும் நமக்குத்தான் தலைவலி. அவர் ரவுட்டர் அணைந்துவிட்டது, போகிறேன் என்று சொல்லவில்லை. நம் பக்கம் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார். லினக்ஸில் டிசிபி உயிர்ச்சோதனை இயல்பாகத் தொடங்குவதே 7200 வினாடிக்குப் பிறகு, அதுவும் மென்பொருள் கேட்டுக்கொண்டால்தான். என்னிடம் இருப்பது நான்கு நோட். கொடைக்கானலில் மின்னல் அடிக்கும் சாயங்காலத்தில் அண்ணன் நான்கு தடவை கூப்பிட்டு நான்கு தடவை அறுந்தால், ஐந்தாவது தடவை “எல்லா நோட்டும் எங்கேஜ்டு” என்று அவருக்கே பதில் போகும். சும்மா இருப்பவரை வெளியேற்றும் நேரத்தைக் குறைத்துவைப்பதுதான் மருந்து.

நோட்கள் நிரம்புவதற்கு இன்னொரு காரணம், மனிதர்களே இல்லை. 2016இல் கிளம்பிய மிராய் என்ற தீம்பொருள், கேமரா, ரவுட்டர் போன்றவற்றின் ஆலைக் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டு 23, 2323 போர்ட்களைத் தட்டித் திரிந்தது. அதன் மூல நிரல் வெளியானபின் பிறந்த குட்டிகள் இன்னும் தட்டுகின்றன. 23ஐத் திறந்து வைத்தால் சில நிமிடத்தில் விருந்தாளி வருவார், ‘அட்மின்’ என்று பெயர் சொல்வார். எஸ்கேப் விசையை இரண்டு தடவை அழுத்தினால்தான் உள்ளே என்று ஒரு வாசற்படி வைத்தேன், கூட்டம் கலைந்தது.

ராஸ்பெரி பையில் ஓட்டுபவர்களுக்குக் கடிகாரம் தனிக் கதை. 5ஆம் தலைமுறைக்கு முந்தைய பைகளில் தனிக் கடிகாரச் சில்லு கிடையாது. கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், இணையம் வந்தபின் திருத்திக்கொள்ளும். எங்கள் பக்கம் கரண்ட் முதலில் வரும், ஃபைபர் இரண்டு நாள் கழித்து வரும். அதுவரை எழுதும் கடிதமெல்லாம் நேற்றைய தேதியில் விழும். மெமரி கார்டு தேய்ந்து, ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை பிழை கண்டு வட்டைப் படிக்க மட்டுமாக மாற்றிவிட்டால் இன்னும் வேடிக்கை: வரவேற்புத் திரை அழகாக வரும், கடவுச்சொல் கேட்கும், ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. பிழை 30. பிழை 28 வந்து, ‘டிஎஃப்’ போட்டால் பாதி இடம் காலி என்று காட்டினால், அதையே ஐநோட் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு) கணக்கில் போட்டுப் பாருங்கள். செய்திக்கு ஒரு கோப்பு என்று சேமிக்கும் பழைய ஃபிடோ முறையில், இடம் தீர்வதற்கு முன் ஐநோட் தீர்ந்துவிடும்.

தமிழுக்கு வருகிறேன். சர்வர் சரி, லைன் சரி, கடிதம் வந்துவிட்டது, திரையில் குப்பை. பிபிஎஸ் உலகின் தாய்மொழி 1981 ஐபிஎம் பிசியோடு வந்த 437ஆம் எழுத்துத் தொகுதி. பெட்டி வரையும் கோடுகளும் வண்ணப் படங்களும் அதில்தான். நம் தமிழ் யூடிஎஃப்-8இல் போகிறது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘அ’ என்று அடித்தால் 437 திரையில் முதலில் கிரேக்க ஆல்ஃபா, அடுத்து இடப்பக்கம் பார்த்த இரட்டைக் கோணக்குறி, கடைசியில் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’. தமிழ் எழுத்துகள் எல்லாமே முதல் பைட்டில் ஒன்றுதான், ஆகவே திரை முழுக்க ஆல்ஃபா தூவியிருந்தால் தரவு கெடவில்லை, டெர்மினல்தான் தவறான கண்ணாடி போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இது எனக்குப் பலதடவை உதவிய அடையாளம். கேள்விக்குறிகள் மட்டும் நின்றால், வழியில் ஏதோ மென்பொருள் எழுத்தை எறிந்துவிட்டது, திரும்ப வராது.

அண்ணன் கண்ணாடியை மாற்றிக்கொண்டபின் உடல் நன்றாக வந்தது, தலைப்புதான் அறுந்தது. ஃபிடோ கடிதத்தில் தலைப்புக்கு 72 பைட், முற்றுக் குறி போக 71. ஆங்கிலத்துக்கு அது 71 எழுத்து. ‘கோத்தகிரி’ நம் கணக்கில் ஐந்து எழுத்து, யூனிகோடில் ஒன்பது குறியீடு, வயரில் 27 பைட். ஒரு நாள் அவர் கேட்டிருக்கிறார்: “கோத்தகிரிப் பக்கம் மழை எப்படி”. கூட்டிப் பார்த்தால் 81. வெட்டு விழுந்தது ‘ப்’பின் புள்ளிக்கு நடுவில், மூன்று பைட்டில் இரண்டு இந்தப்பக்கம், ஒன்று அந்தப்பக்கம். எனக்கு வந்தது “கோத்தகிரிப் பக்கம் மழை எப”, அதன் பின்னால் ஒரு கட்டம். நான் யோசித்துப் பார்த்துப் பதில் போட்டேன்: “எப்பவா? செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சது அண்ணே, இன்னும் நிக்கல.”